மோனாலிசாவைச் சுருட்டி முதுகில் கட்ட முடியுமா?

இரவுவாசகன் | 3 ஜூன், இரவு 11.40

போர்க்காலத்தில் ஓவியங்களைக் காப்பாற்றும் சரித்திர த்ரில்லர் ஒன்று எழுதுகிறேன். பாரிஸ். ஜெர்மன் படை நகருக்குள் நுழையும் இரவு. நாயகன் லூவர் அருங்காட்சியகத்துக்குள் புகுந்து, மோனாலிசாவைச் சட்டத்திலிருந்து கத்தியால் அறுத்து, சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டு கூரை வழியாகத் தப்புகிறான். படித்துப் பார்த்த நண்பர் விழுந்து விழுந்து சிரிக்கிறார், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார். எங்கே தப்பு?

திருகாணி | 4 ஜூன், காலை 6.15

கத்தி போதாது, ரம்பம் வேண்டும். மோனாலிசா துணியில் வரைந்ததே இல்லை. 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம் உள்ள பாப்ளர் மரப்பலகை. பலகையைச் சுருட்டுகிற நாயகன் என்றால் அது வேறு வகைக் கதை.

இரண்டாவது, தேதி. ஜெர்மன் படை பாரிஸுக்குள் வந்தது 1940 ஜூன் 14. படம் லூவரை விட்டுப் போனது 1939 ஆகஸ்ட் 28. போர் அறிவிப்புக்கே இன்னும் ஆறு நாள் இருந்தது. உங்கள் நாயகன் ஒன்பது மாதம் தாமதம். அவன் போய்ச் சேரும்போது சுவரில் வெறும் கொக்கிதான் இருக்கும்.

மூன்றாவது, இது தனி ஆள் வேலை இல்லை. தேசிய அருங்காட்சியகங்களின் துணை இயக்குநர் ழாக் ழோழார் ஆகஸ்ட் 25 அன்று "பழுதுபார்ப்பு" என்று சொல்லி லூவரை மூன்று நாள் மூடினார். உள்ளே இரவு பகலாகப் பெட்டி கட்டினார்கள். பெட்டிகளுக்கு வண்ணப் பொட்டு வைத்தார்கள்: பெரும்பாலானவற்றுக்கு மஞ்சள், முக்கியமானவற்றுக்குப் பச்சை, உலகப் பொக்கிஷங்களுக்குச் சிவப்பு. மோனாலிசாவின் பெட்டிக்கு மட்டும் மூன்று சிவப்புப் பொட்டு.

திருகாணி | 4 ஜூன், காலை 6.22

விட்டுப்போனது: கூரை. அந்தப் பலகையின் மேல் விளிம்பிலிருந்து ஒரு பழைய விரிசல் இறங்குகிறது. கூரையிலிருந்து ஒரு குதி, அவ்வளவுதான். கதைக்கு இரண்டு மோனாலிசா கிடைக்கும்.

படச்சட்டம் | 4 ஜூன், மாலை 7.05

அப்படியானால் சுருட்டுவது என்பதே கற்பனையா? துணி ஓவியங்களைச் சுருட்டித்தானே கொண்டுபோனார்கள்?

திருகாணி | 4 ஜூன், இரவு 9.50

சுருட்டினார்கள். ஆனால் கதைகளில் வருவதுபோல இல்லை. சான்றிதழைச் சுருட்டும்போது எழுத்து உள்ளே போகும்படி சுருட்டுவோம், அந்தப் பழக்கத்தை ஓவியத்துக்கும் கொண்டுபோய்விடுகிறார்கள். ஓவியத்தில் வண்ணம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். நூறு, இருநூறு வருஷம் காய்ந்த எண்ணெய் வண்ணம் அப்பளம் மாதிரி. வெளிப்பக்கம் இருந்தால் வெடிப்புகள் கொஞ்சம் வாய் திறக்கும், திரும்ப விரித்தால் மூடிக்கொள்ளும். உள்பக்கம் இருந்தால் சில்லுகளின் விளிம்புகள் ஒன்றையொன்று நெருக்கி, முட்டி, எழும்பி, உதிரும்.

வரிசை இது. முதலில் வண்ணம் தளர்ந்த இடங்களில் மெல்லிய தாளை வலுக்குறைந்த பசையால் ஒட்டுவார்கள், உதிர்ந்தாலும் தாளோடு இருக்கட்டும் என்று. பிறகு பின்னால் உள்ள தாங்குசட்டத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். யாரும் துணியை வெட்டுவதில்லை. அடுத்து பெரிய மர உருளை. எவ்வளவு பருமனோ அவ்வளவு நல்லது, முதுகில் கட்டுகிற குழாய் எல்லாம் நடக்காது. இரண்டு முனையிலும் ஆட்கள் ஒரே வேகத்தில் உருட்ட வேண்டும், ஒரு பக்கம் முந்தினால் நடுவில் சுருக்கம் விழும். கட்டுவதற்குக் கயிறு கூடாது, அகலமான நாடா. உருளை தரையில் கிடக்கவும் கூடாது, இரு முனையையும் தாங்கியில் தூக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் எடையே கீழ்ப்பக்க வண்ணத்தை நசுக்கும்.

வெரொனேசெயின் "கானா ஊர்த் திருமணம்" 6.77 மீட்டர் உயரம், 9.94 மீட்டர் அகலம். குறுகிய பக்கத்தை அச்சாக வைத்தாலும் உருளை 7 மீட்டரைத் தொடும். அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

படச்சட்டம் | 5 ஜூன், காலை 8.10

"மெதூசாவின் தெப்பம்" அதே லூவர்தான், அதுவும் ராட்சச அளவுதான். அதை ஏன் சுருட்டவில்லை?

திருகாணி | 5 ஜூன், காலை 8.45

தார். அதை வரைந்த ஜெரிகோ கருமைக்காகத் தார் கலந்த வண்ணத்தை அள்ளிப் பூசியிருக்கிறார். தார் முழுசாகக் காய்வதே இல்லை. சுருட்டினால் ஒட்டும், பிரித்தால் பிய்யும். ஆகவே 4.91 × 7.16 மீட்டர் படத்தை விரித்தபடியே கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு வண்டி எங்கே? நாடகக்காரர்களிடம்தான். கொமெதி பிரான்சேஸ் நாடக அரங்கின் திரைச்சீலைகளையும் காட்சித் தட்டிகளையும் ஏற்றும் நீள வண்டிகளை வாங்கினார்கள்.

இனி கணக்குப் போடுங்கள். படம் ஏறக்குறைய 5 மீட்டர், அதோடு வண்டித் தளத்தின் உயரம். வெர்சாய் ஊருக்குள் போகும்போது மேலே ட்ராம் கம்பி. மாட்டிக்கொண்டது. பொறி பறந்தது, ஊரே இருட்டானது. நள்ளிரவில் வெர்சாய் அரண்மனைக் காப்பாளரை எழுப்பி, படத்தை அங்கேயே நிறுத்தினார்கள். பின்னால் ஷாம்போர் கோட்டைக்குப் போனபோது, வழியில் கம்பிகளைத் தூக்கிப் பிடிக்கத் தொலைபேசித் துறை ஆட்களும் கூடப் போனார்கள். நம் ஊரில் தேர் வரும்போது மின்சாரக் கம்பியைக் கழற்றிவிடுவதில்லையா, அதுதான்.

இந்தக் காட்சியில் எதிரியே இல்லை. ஒரு கம்பிதான். ஆனாலும் கை வேர்க்கிறது.

இரவுவாசகன் | 5 ஜூன், இரவு 10.30

சரி, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். துரத்தலை எடுத்துவிட்டால் த்ரில்லர் எப்படி நிற்கும்? வில்லன் வேண்டாமா?

திருகாணி | 6 ஜூன், காலை 5.55

வில்லன் காற்றிலேயே இருக்கிறான். சார்பு ஈரப்பதம்: காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் அதில் இருக்கிறது என்பது.

மரப்பலகை நாரின் குறுக்கே சுருங்கும், விரியும். நீளவாக்கில் அசையாது. மோனாலிசாவின் நார் மேலிருந்து கீழாக ஓடுகிறது, ஆக 53 செ.மீ. அகலம்தான் ஆடும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்திலிருந்து 40-க்கு இறங்கி அங்கேயே சில வாரம் நின்றால், பாப்ளர் போன்ற மரம் அந்த அகலத்தில் 2 முதல் 4 மி.மீ. வரை சுருங்கப் பார்க்கும். மேலே இருக்கும் வண்ணம் சுருங்காது. அப்புறம் என்ன, கொப்புளம்தான். கொப்புளத்தின் மேல் ஒரு விரல் பட்டால் போதும்.

அதனால்தான் அந்தப் படம் ஓர் இடத்தில் தங்கவில்லை. ஷாம்போர், அங்கிருந்து லூவிஞி, 1940 ஜூனில் லோக்-டியூ மடாலயம். மடாலயம் தொலைவில் இருந்தது, பத்திரம், ஆனால் ஈரம். அக்டோபரில் மோந்தொபான் ஊர் அருங்காட்சியகத்துக்கு மாற்றினார்கள். 1943-இல் மோந்தால் கோட்டை. 1945-இல்தான் பாரிஸ் திரும்பியது. வரைபடத்தில் பார்த்தால் படையிடமிருந்து ஓடியதுபோல இருக்கும். ஆனால் லோக்-டியூவை விட்டு விரட்டியது ஈரம்.

படச்சட்டம் | 6 ஜூன், மதியம் 1.20

அப்படியென்றால் சுரங்கத்தில் வைப்பது மடத்தனம் இல்லையா? சுரங்கம் என்றாலே ஈரம். ஆனால் எல்லாரும் சுரங்கத்தைத்தானே தேடிப்போனார்கள்?

திருகாணி | 6 ஜூன், இரவு 10.05

நல்ல கேள்வி. சுரங்கத்தில் ஈரம் அதிகம்தான், ஆனால் அது நாளுக்கு நாள் மாறுவதில்லை. ஈரம் கெடுப்பதைவிட ஈரத்தின் ஏற்றஇறக்கம் கெடுப்பது அதிகம்.

லண்டன் தேசிய ஓவியக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1939 ஆகஸ்ட் 23 தொடங்கி செப்டம்பர் 2-க்குள் படங்களை ரயிலில் வேல்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். பாங்கர் பல்கலைக்கழகம், பென்ரின் கோட்டை, ஆபரிஸ்ட்வித் தேசிய நூலகம் என்று பிரித்து வைத்தார்கள். முந்தைய வருஷமே, 1938 மியூனிக் நெருக்கடியின்போது, ஒரு தடவை ஒத்திகை மாதிரி நடந்துவிட்டது, அதனால்தான் இந்த வேகம். 1940-இல் பிரான்ஸ் விழுந்ததும் ஜெர்மன் விமானங்கள் மேற்குக்கும் வர ஆரம்பித்தன. கனடாவுக்குக் கப்பலில் அனுப்பலாமா என்று பேச்சு. சர்ச்சில் கூடாது என்றார்: குகையில் வையுங்கள், நிலவறையில் வையுங்கள், ஒரு படமும் தீவை விட்டுப் போகக்கூடாது.

கிடைத்தது மானோட் என்ற ஸ்லேட் கல் சுரங்கம். வாயிலை வெடிவைத்துப் பெரிதாக்கி, உள்ளே பாறைக் கூடங்களுக்குள் செங்கல் வீடுகள் கட்டினார்கள். ஏன் வீடு? இங்கேதான் கெட்டிக்காரத்தனம். மலைக்குள் காற்று வருஷம் முழுக்க ஏறக்குறைய 8 டிகிரி, ஈரம் நிறைந்து நிற்கும். அதே காற்றை 17 டிகிரிக்குச் சூடாக்கினால், நீரைக் கூட்டாமல் குறைக்காமல், ஈரப்பதம் தானாக 55 சதவீதம் வாக்கில் வந்து நிற்கும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வேண்டாம். ஹீட்டரை மட்டும் ஒரே சீராக வைத்திருந்தால் போதும்.

பலன் அவர்களே எதிர்பாராதது. லண்டனில் வருஷா வருஷம் குளிர்காலச் சூட்டில் உலர்ந்து கொப்புளம் கட்டிய பலகை ஓவியங்கள் சுரங்கத்துக்குள் அமைதியாகிவிட்டன. பழுதுபார்ப்பு வேலை வெகுவாகக் குறைந்துபோனது. போருக்குப் பிறகு ஓவியக்கூடங்களில் குளிர்சாதனம் வேண்டும் என்று வாதாட இதுவே சான்றானது.

வான் டைக்கின் முதலாம் சார்லஸ் குதிரைமேல் இருக்கும் படம் 3.67 மீட்டர் உயரம். அதைச் சாய்த்து நிறுத்த முக்கோணப் பெட்டி செய்தார்கள். அப்படியும் மானோட் போகும் வழியில் ஒரு ரயில் பாலத்தின் அடியில் நுழையவில்லை. பாலத்தைத் தொட முடியாது. சாலையைத் தோண்டித் தாழ்த்தினார்கள்.

படச்சட்டம் | 7 ஜூன், காலை 7.30

மறுபடியும் உயரம்! இந்தத் துறையில் அளவு நாடாதான் நாயகன் போலிருக்கிறது.

திருகாணி | 7 ஜூன், காலை 7.34

ஆமாம். ஆனால் போஸ்டரில் போட முடியாது.

இரவுவாசகன் | 7 ஜூன், இரவு 11.15

இவ்வளவு தூரம் தூக்கியும் வழியில் எதுவும் உடையவில்லையா?

திருகாணி | 8 ஜூன், காலை 6.00

பெரிய ஓவியம் எதுவும் பயணத்தில் சேதமானதாக நினைவில்லை.

திருகாணி | 8 ஜூன், காலை 9.40

மேலே எழுதியது தப்பு, அப்படியே விட்டு வைக்கிறேன், திருத்தம் கீழே.

கோயாவின் "மே 2, 1808". ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் 1936 நவம்பர் முதல் பிராடோ அருங்காட்சியகத்தின் படங்களை மாட்ரிடிலிருந்து வாலென்சியாவுக்குக் கொண்டுபோனார்கள். 1938-இல் அங்கிருந்து கத்தலோனியாவுக்கு. போகிற வழியில் பெனிகார்லோ ஊரில், குண்டுவீச்சில் ஏற்கெனவே தளர்ந்திருந்த ஒரு பால்கனியில் லாரி மோதி, அது படத்தின் மேலேயே விழுந்தது. துணி கிழிந்தது, சில துண்டுகள் போயே போய்விட்டன. போன இடங்களில் செம்மண் நிறம் மட்டும் பூசி நிரப்பினார்கள். முழுச் சீரமைப்பு 2008-இல்தான் நடந்தது. எழுபது வருஷம் பார்வையாளர்கள் அந்தச் சிவப்புத் திட்டுகளைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

வாலென்சியாவில் வைத்த இடம் சொல்ல வேண்டும். செர்ரானோஸ் என்ற பழைய கோட்டை வாயில் கோபுரம். கட்டடக் கலைஞர் வாமோந்தே உள்ளே 90 செ.மீ. கனத்தில் கான்கிரீட் கவிகை ஒன்று கட்டினார். அதன்மேல் உமி கொட்டினார், பக்கத்திலேயே நெல் வயல்கள், உமிக்குப் பஞ்சமில்லை. குண்டு விழுந்து கூரை சரிந்தால், கல் நேராகக் கான்கிரீட்டில் மோதாமல் உமியில் அமுங்கும். உமி விலையில்லாதது, அதிர்ச்சி தாங்கும். ஆனால் இரண்டு பிரச்சினை: நனைந்தால் புளித்துச் சூடேறும், உலர்ந்தால் தீப்பிடிக்கும். மூடி வைக்காமல் விட முடியாது.

படச்சட்டம் | 8 ஜூன், மாலை 6.50

பெட்டிக்குள் என்ன வைப்பார்கள்? வைக்கோலா?

திருகாணி | 8 ஜூன், இரவு 11.00

வைக்கோல் பீங்கானுக்கு. ஓவியத்துக்குக் கிட்டவே வரக்கூடாது, ஈரம் வாங்கும், பூஞ்சை, அப்புறம் எலி. லெனின்கிராட் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் செய்தது நல்ல முறை: பெட்டிக்குள் இணையான தடுப்புகள், தடுப்புகளுக்குத் துணி உறை, ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு படம் நிற்கும். தட்டுகளை அலமாரியில் செருகுவதுபோல. சின்ன, நடுத்தர அளவுப் படங்கள் ஒரு பெட்டியில் 20 முதல் 60 வரை. படுக்க வைத்து அடுக்கினால் கீழே உள்ளது செத்தது. பச்சை மரத்தில் பெட்டி செய்தால் அதுவே வியர்க்கும், ஆறிய மரம் வேண்டும். மூடிக்கு ஆணி கூடாது, திருகாணி. (ஆம், அதற்குத்தான் இந்தப் பெயர்.) சுத்தியல் அடி ஒவ்வொன்றும் உள்ளே தளர்ந்த வண்ணத்துக்கு ஒரு சின்ன நிலநடுக்கம்.

லெனின்கிராட் கணக்கைக் கேளுங்கள். ஜெர்மனி தாக்கியது 1941 ஜூன் 22. முதல் ரயில் கிளம்பியது ஜூலை 1. சுமார் ஐந்து லட்சம் பொருள்கள், யூரல் மலைப் பக்கம் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நோக்கி. ஜூலை 20-இல் இரண்டாவது ரயில், இன்னும் ஏழு லட்சம் வரை. ஒன்பது நாளில் எப்படி? இயக்குநர் ஒர்பெலி போருக்கு முன்பே பெட்டிகளையும் பொதிபொருள்களையும் தயாராக வைத்திருந்தார். மூன்றாவது ரயிலுக்கும் பெட்டி கட்டினார்கள். செப்டம்பர் 8-இல் முற்றுகை விழுந்தது, அந்தப் பெட்டிகள் அங்கேயே நின்றன.

வெறும் சட்டங்களைச் சுவரிலேயே விட்டுவைத்தார்கள், திரும்பி வரும்போது எது எங்கே என்று தேட வேண்டாமே. முற்றுகைக் காலத்தில் ஒரு வழிகாட்டி ராணுவ வீரர்களை அழைத்துப்போய், வெற்றுச் சட்டங்களைக் காட்டி ஓவியங்களை விவரித்தார்.

இரவுவாசகன் | 9 ஜூன், நள்ளிரவு 12.20

இது போதும், இந்தக் காட்சியை எடுத்துக்கொள்கிறேன்.

திருகாணி | 9 ஜூன், காலை 6.10

எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள். சீனாவுக்கு வாருங்கள், அங்கே யாரும் கை வைக்கவில்லை.

பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகம். ஜப்பானியப் படைக்கு அஞ்சி, 1933 பிப்ரவரி தொடங்கி ஐந்து தவணையாக ஷாங்காய்க்கு. அரண்மனைப் பெட்டிகள் மட்டும் 13,427, பிற நிறுவனங்களின் பெட்டிகளும் சேர்ந்து 19,000-க்கு மேல். அங்கே வேலை செய்தவர்களுக்குப் பீங்கான் கட்டத் தெரியாது. பழம்பொருள் கடைக்காரர்களிடம் போய்ப் பார்த்தார்கள். அப்புறம் நல்ல யோசனை வந்தது: ஜிங்தெஜென் சூளையிலிருந்து பேரரசருக்கு வந்து, பிரிக்காமலே கிடந்த பழைய பெட்டிகள் அரண்மனையிலேயே இருந்தன. அவற்றைப் பிரித்து, சூளைக்காரர்கள் எப்படிக் கட்டியிருந்தார்கள் என்று கற்றுக்கொண்டார்கள். சுருக்கம் இதுதான்: இறுக்கம். ஒன்றோடொன்று தொடக்கூடாது, பெட்டிச் சுவரைத் தொடக்கூடாது, ஆனால் உள்ளே ஒரு நூல்கூட அசையக் கூடாது. கையால் ஆட்டினால் சத்தம் வந்தால் திரும்பக் கட்டு.

கல்முரசுகள் என்று பத்து. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு டன், மேலே இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய எழுத்து, அந்த எழுத்துள்ள தோல் பாறையிலிருந்து உரிகிற நிலை. நா ஜிலியாங் என்ற இளம் ஊழியர் நனைத்த மெல்லிய காகிதத்தையும் பஞ்சையும் விரிசல்களுக்குள் அமுக்கினார். காய்ந்ததும் அதுவே பூச்சாக இறுகிக்கொள்ளும். அதன்மேல் ரஜாய், அதன்மேல் சணல் கயிறு, பெட்டி, இரும்புப் பட்டை.

பெட்டிகள் பிறகு ஷாங்காயிலிருந்து நான்ஜிங்குக்கு மாறின. 1937-இல் போர் அங்கேயும் நெருங்கியதும் மூன்று வழியாகப் பிரித்தார்கள். தெற்கே 80 பெட்டி. நடுவழியில் யாங்சி ஆற்றில் 9,331. வடக்கே ரயிலிலும், பிறகு சின்லிங் மலையேறி லாரியிலும் 7,287. தெற்குப் பெட்டிகள் சாங்ஷாவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் தங்கிக் கிளம்பின. சில மாதத்தில் அந்த நூலகம் குண்டுவீச்சில் போனது. கடைசியில் ஆன்ஷுன் ஊரில் ஒரு குகை. குகைக் கூரை சொட்டும், அதனால் குகைக்குள்ளேயே ஓட்டுக் கூரை போட்டு மரவீடு. மானோட்டில் செங்கல், இங்கே மரமும் ஓடும். ஒரே யோசனை, இரண்டு பேருக்கும் மற்றவரைத் தெரியாது.

ஆற்று வழியில் கெடு வேறு மாதிரி. லெஷான் போகிற கடைசி நீட்டத்தில் வெள்ளப் பருவத்தில்தான் தண்ணீர் போதும், 1939 செப்டம்பருக்குள் முடிக்க வேண்டும். கரையில் நடந்து கயிறு இழுத்துத்தான் படகை மேலே கொண்டுபோவார்கள். கயிறு அறுந்தால் படகு ஆற்றோடு போகும். இந்தப் பயணத்தில் ஊழியர் ஒருவர் இறந்தார். குண்டில் இல்லை. மூடாமல் விட்ட கப்பல் கிடங்கின் வாயில் வழியாக உள்ளே விழுந்து.

திருகாணி | 9 ஜூன், காலை 6.40

ஒரு சின்ன சேர்க்கை. ஷாங்காயில் பெட்டிகளுக்குக் குறியீடு வைத்தபோது நான்கு துறைக்கு நான்கு எழுத்து: ஹூ, ஷாங், யூ, கோங். சேர்த்துப் படித்தால் "ஷாங்காயில் குடியிருக்கும் கனவான்" என்று வரும். நாட்டை விட்டு ஓடும் நிலையிலும் குமாஸ்தாவுக்குக் கிண்டல் விடவில்லை.

படச்சட்டம் | 9 ஜூன், இரவு 8.30

ரகசியக் குறியீடு, சரி. ஆனால் உப்புச் சுரங்கக் கதை சொல்லாமல் இந்த இழை முடியாது.

திருகாணி | 10 ஜூன், காலை 5.45

ஆல்ட்அவுஸே, ஆஸ்திரியா. கெண்ட் பலிபீட ஓவியம், மைக்கேலாஞ்சலோவின் ப்ரூகஸ் மடோனா சிலை, வெர்மீரின் "வானியலாளர்" எல்லாம் உள்ளே. ஹிட்லரின் ஆட்கள் கொள்ளையடித்துப் பதுக்கியவை. உப்புக்கு ஒரு குணம்: காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பே அதை உறிஞ்சும். ஆக அதற்கு மேல் ஏறாது. குளிர் உண்டு, ஆனால் நிலையான குளிர்.

1945 ஏப்ரலில் நாஜி மாவட்டத் தலைவர் ஐக்ரூபர் எட்டுப் பெட்டிகளை உள்ளே அனுப்பினார். மேலே "கவனம், பளிங்கு, சாய்க்காதே" என்று எழுதியிருந்தது. உள்ளே ஒவ்வொன்றிலும் 500 கிலோ விமானக் குண்டு, சுரங்கத்தையே தகர்க்க. விஷயம் தெரிந்ததும் சுரங்கத் தொழிலாளர்கள் மே மாதத் தொடக்கத்தில் பெட்டிகளை வெளியே இழுத்துவந்தார்கள், பிறகு கணக்காகச் சிறு வெடிகள் வைத்து வாயிலை மட்டும் மூடினார்கள். யாரும் உள்ளே போகக் கூடாது என்று. அவர்களுக்குச் சுரங்கம்தான் சோறு, குண்டு வெடித்து அது வெள்ளத்தில் மூழ்கினால் பிழைப்பு போய்விடும். ஓவியப் பற்று இரண்டாவது. அதை மறைக்காமல் எழுதினால்தான் காட்சி நிற்கும்.

இரவுவாசகன் | 10 ஜூன், இரவு 11.50

எல்லாமே ரகசியமாகத்தான் நடந்ததா?

திருகாணி | 11 ஜூன், காலை 6.20

இல்லை, முதல் நாள் நான் எழுதியது அப்படி ஒரு தோற்றம் தரும். லூவரின் பெரிய படங்கள் பிற்பாடு சூர்ஷ் கோட்டையில் இருந்தன. அங்கே 1944-இல் புல்தரையில் "லூவர் அருங்காட்சியகம்" என்று ராட்சச எழுத்தில் போட்டார்கள், நேசநாட்டு விமானிகள் மேலிருந்து படிக்கட்டும் என்று. ஒளித்து வைத்தால் தெரியாமல் குண்டு போடுவான், சொல்லி வைத்தால் தெரிந்துகொண்டு போடாமல் போவான். எந்தக் கட்டத்தில் எது என்பது ஆளைப் பொறுத்தது.

உண்மையான ரகசியம் ஒரு பெண்ணின் குறிப்பேட்டில் இருந்தது. ரோஸ் வாலான். நாஜிகள் யூதக் குடும்பங்களின் சேகரிப்புகளைப் பாரிஸில் ழே-த-போம் கட்டடத்தில் குவித்தார்கள். இவர் அங்கே ஊழியர். ஜெர்மன் தெரியும், தெரியாததுபோல இருந்தார். எந்தப் பெட்டி, யாருடையது, எந்த ஊருக்கு என்று நான்கு வருஷம் எழுதினார். 1944 ஆகஸ்டில் 148 ஓவியப் பெட்டிகளை ஏற்றிய 40044 எண் ரயில் பற்றி ரயில்வேயில் இருந்த நாஜி எதிர்ப்பாளர்களுக்குச் சொன்னார். என்ஜின் கோளாறு, பாதை நெரிசல், காகிதச் சிக்கல் என்று இழுத்தடித்து, ரயில் பாரிஸ் புறநகர் ஓல்னேயைத் தாண்டவில்லை. தண்டவாளத்தைப் பெயர்த்தெறிய வேண்டிய அவசியமே இல்லை. சரக்கு ரயிலைத் தாமதப்படுத்துவது ரயில்வேக்காரருக்குச் சொல்லித் தர வேண்டிய வித்தையா?

படச்சட்டம் | 11 ஜூன், இரவு 9.15

நம் பக்கம்? ஸ்ரீரங்கம் உலாவும் இதே வகைதானே?

திருகாணி | 12 ஜூன், காலை 6.30

அதே வகைதான், இன்னும் கடினம். அங்கே லாரி இல்லை, அதோடு வழிபாடும் நிற்கக் கூடாது. 1323-இல் தில்லி சுல்தானின் படையெடுப்பில், உற்சவத் திருமேனியான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் கிளம்பினார், மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில் அவர் காலமானார். திருமேனி பல ஊர் சுற்றித் திருமலையில் தங்கி, 1371-இல் விஜயநகரத் தளபதி கோபணாரியர் வழியாகத் திரும்பியது. ஏறக்குறைய ஐம்பது வருஷம். தெரிந்தவர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். இதற்குள் அங்கே வேறு திருமேனி வைத்து வழிபாடு நடந்துகொண்டிருந்தது. எது பழையது?

கோயிலின் வரலாற்று ஏடான கோயிலொழுகு சொல்லும் விடை: வயதான வண்ணார் ஒருவர், ஈரங்கொல்லி. இரு திருமேனிக்கும் திருமஞ்சனம் செய்த ஈர ஆடையின் வாசனையை வைத்து இவரே நம்பெருமாள் என்றார். லூவர் பொட்டு வைத்தது, பெய்ஜிங் எழுத்து வைத்தது, இங்கே ஒரு மனிதரின் மூக்கு. இன்னொரு திருமேனியும் திருவரங்கமாளிகையார் என்று கோயிலிலேயே இருக்கிறது.

எடுத்துப்போக முடியாத செப்புத் திருமேனிகளை மணலில் புதைத்தார்கள். புதைத்தவர் திரும்பாவிட்டால் இடம் மறந்துபோகும். திருவெண்காட்டில் 1951-இல் வெளிப்பட்டவை அப்படித்தான். மண்ணில் உப்பிருந்தால் செம்பில் பச்சைப் பொடிப்பூ பூக்கும், வெளியே எடுத்த பிறகும் காற்றின் ஈரத்தில் அரித்துக்கொண்டே இருக்கும். சென்னை அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் ஆய்வகம் தொடங்கியதே இந்த நோய்க்காகத்தான்.

இரவுவாசகன் | 13 ஜூன், இரவு 11.30

முழுசாக மாற்றி எழுதிவிட்டேன். நாயகன் இப்போது பட்டியல் எழுதுகிற குமாஸ்தா. கடைசிக் காட்சி: பனிக்காலம், மலைக்குகையிலிருந்து பெட்டி வருகிறது, கணப்பு எரியும் கூடத்துக்குள் கொண்டுவந்ததும் அவன் ஓடிப்போய் மூடியைத் திறக்கிறான். சரியா?

திருகாணி | 14 ஜூன், காலை 5.50

ஓடட்டும், திறக்கக் கூடாது. குளிர்ந்த பலகை சூடான கூடத்துக் காற்றைத் தொட்ட நொடியில் வியர்க்கும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு மாதிரி. மூடிய பெட்டியை அப்படியே ஒரு நாள் விடச் சொல்லுங்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்க்கட்டும். மறுநாள் திறக்கும்போது திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டு எண்ணச் சொல்லுங்கள். ஒன்று குறைந்தால் அது பெட்டிக்குள், படத்தின்மேல் கிடக்கிறது.